சன்னல் வழியாக நுழைந்தாரா உங்கள் கட்டுரையாளர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். வழிகாட்டி யாரும் இல்லாமல், கையில் ஒரு வரைபடத்தோடு, வெந்நீர் ஊற்றுகளையும் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரச் சிற்பங்களையும் நடந்தே பார்த்த அனுபவம். நன்றாகத்தான் இருந்தது, கடைசிப் பத்தி வரும்வரை. குமரி மாவட்டத்தில் கடலையும் சூரிய உதயத்தையும் பார்த்துவிட்டால் அடுத்த ரயிலைப் பிடிக்கவேண்டியதுதான், நடந்து பார்க்க வேறென்ன இருக்கிறது என்று அங்கே கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு பழையவையும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டோருவாவை நானும் நடந்து பார்த்தவன். மகள் ஹாமில்டனில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 2023 ஏப்ரலில் நானும் மனைவியும் போனோம். ஊருக்குள் நுழையும்போதே அழுகிய முட்டை வாடை. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் கைவரிசை. குயிராவ் பூங்காவில் காசில்லாமல் கால் நனைக்க வெந்நீர்த் தொட்டிகள் உண்டு. மனைவி அரைமணி நேரம் சுகமாகக் காலை வைத்திருந்துவிட்டு எழுந்து பார்த்தால், இரண்டு கால் மெட்டியும் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடந்தன. ஊர் திரும்பும்வரை அந்த நகரத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

எங்கள் நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி ஒருவரிடம் மெட்டிகளைக் கொடுத்தோம். வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "கந்தகத் தண்ணீரில் கால் வைத்தீர்களா அம்மா?" என்றார். வெள்ளியில் சட்டம் கட்டி, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கல் பதிக்கிற பரம்பரை. வெள்ளியின் குணம் அவருக்குத் தெரியாதா? புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தொழில் நடக்கும் தெருக்களை நடந்து பார்க்கலாம் என்று உங்கள் இணைப்பில் இதுவரை ஒருவரும் எழுதக் காணோம்.

ரோட்டோருவா அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரமாவது செலவிட வேண்டும் என்றும் கட்டுரையாளர் பரிந்துரைக்கிறார். 1908-இல் குளியல் மாளிகையாகத் திறந்த அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நில அதிர்வைத் தாங்காது என்று 2016 நவம்பரிலேயே அதைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் போனபோதும் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. கட்டுரையாளர் எந்தச் சன்னல் வழியாக நுழைந்தார் என்று விசாரித்துச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

அவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஏரிக்கரையில் ஒஹினெமுட்டு என்ற மாவோரி ஊர் இருக்கிறது. அங்குள்ள தேவாலயத்தின் சன்னல் கண்ணாடியில், மாவோரி மேலங்கி அணிந்த இயேசுவைப் பொறித்திருக்கிறார்கள். உள்ளே அமர்ந்து பார்த்தால் அவர் வெளியே தெரியும் ஏரி நீரின்மேல் நடந்து வருவதுபோலத் தோன்றுகிறது. நிலத்தடியில் கொதிப்பதால் கல்லறைகளையே தரைக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று: வீட்டுக்கு வீடு வெந்நீர்க் கிணறு தோண்டி எடுத்ததில் பீறிட்டெழும் பொஹுட்டு வெந்நீர் ஊற்றின் வேகம் குறைய, 1980களில் அதைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை அரசு மூடிவிட்டது. நாம் இங்கே குளத்தை நிரப்பி மனை விற்கிறோம், மலையை உடைத்து லாரியில் ஏற்றுகிறோம். முப்பது ஆண்டுகள் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இது கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது.

இங்கே நடக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான மகாவீரரும் பார்சுவநாதரும் இன்றும் இருக்கிறார்கள். நாகரைக் கும்பிட வருகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? அங்கிருந்து மணிக்கூண்டு நிற்கும் மணிமேடை. பிறகு மீட் பாதிரியார் 1819-இல் அடிக்கல் நாட்டிய ஹோம் சர்ச். மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த ஊர் இது. அப்படியே கோட்டாறு சவேரியார் பேராலயம். கலைவாணர் பிறந்த ஒழுகினசேரியை விட்டுவிடலாமா? ஒரு காலைப் பொழுதுக்குள் முடித்துவிடலாம், நடைபாதை என்ற ஒன்று இருந்தால். போன விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். நடைபாதை முழுக்க ஸ்கூட்டர்கள். பாதி தூரம் சாலையில்தான் நடந்தோம். வழியைக் குறித்துக்கொள்ளத் தாளும் பென்சிலுமாக ஓரிடத்தில் நின்றபோது, ஒரு கடைக்காரர் பதறி ஓடிவந்தார். "ரோடு அகலப்படுத்த அளவெடுக்கிறீர்களா சார்?" என்றார். எங்கள் ஊரில் வரைபடம் கையில் இருப்பவரைச் சுற்றுலா வந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை.

குமரி என்றால் நீங்கள் போடும் படம் எப்போதும் விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை. தப்பித்தவறிப் பத்மநாபபுரம் அரண்மனை படத்தைப் போட்டால் கீழே "கேரளா" என்று அச்சாகிறது. அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனை நிற்பதோ தக்கலை அருகே, கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழகத்தோடு சேர்ந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. இதைப் பற்றி முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். பாராட்டியிருந்த நான்கு வரிகளை வெளியிட்டு, தவறைச் சுட்டிய பகுதியை இடமின்மை காரணமாக நீக்கிவிட்டீர்கள்.

ஆகவே கேட்பது இரண்டே. அருங்காட்சியகம், அரண்மனை இரண்டுக்கும் ஒரு வரித் திருத்தம். நாகராஜா கோயிலில் தொடங்கிக் கோட்டாறு வரை நான் வரைந்த நடைவழி வரைபடத்துக்கு அரைப்பக்கம்; அரைப்பக்கம் இல்லையென்றால் கால்பக்கம். வெளியிட இயலாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன். மடிக்காமல் அனுப்பவும், வண்ணம் தீட்டியவள் பேத்தி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வடசேரி, நாகர்கோவில்.