பினாங்குப் பயணம்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நம்மில் பலருக்கும் இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம் என்பதால், கடவுச்சீட்டு மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களாவது செல்லுபடியாகுமா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதையும் நம்ப வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து படகில் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனை அடைவதே என் விருப்பம். செலவு குறைவு என்பதோடு, அந்தப் பழைய நகரம் கடலுக்கு அப்பாலிருந்து மெல்ல நெருங்கி வருவதை விமானத்தில் பார்க்க முடியாது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பகுதிக்குள்ளேயே தங்கினால், வாடகை சற்றுக் கூடினாலும், எல்லாவற்றையும் நடந்தே பார்த்து டாக்சிச் செலவை மிச்சப்படுத்தலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உணவகங்களைத் தேடி அலையாமல் நாசி கண்டார் கடைகளுக்கே செல்வோம். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் காவடிபோல் தோளில் தடி வைத்துச் சுமந்து விற்ற அந்தச் சோற்றின்மேல், இன்றும் மூன்று நான்கு குழம்புகளைக் கலந்தே ஊற்றுகிறார்கள். மீன், இறால் துண்டுகளுக்கு விலை ஏறும் என்பதால், தட்டில் வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வர விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் தெரிவிக்கவும்.