ஃபவுண்டன்ஸ் மடத்துப் பாதையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். அதனால் இப்படித்தான் அழைக்க முடிகிறது. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்த அம்மையாருக்கும், தன் கைத்தடியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்த பெரியவருக்கும், சக்கர நாற்காலியோடு எதிரே வந்த மடத்துத் தன்னார்வலர்களுக்கும், லீட்ஸில் எங்கள் பக்கத்துத் தெரு அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. ஆங்கிலத்தில் மடத்துக்கு ஒரு கடிதம் போட்டாயிற்று. "தமிழ்லயும் எழுதுய்யா, நம்ம ஜனங்களும் தெரிஞ்சிக்கட்டும்" என்று அம்மா சொன்னதால் இந்த மடல்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, வட இங்கிலாந்தின் ரிப்பன் நகரப் பேராலயத்திலிருந்து, இடிந்து கிடக்கும் பழைய கிறிஸ்தவத் துறவியர் மடமான ஃபவுண்டன்ஸ் மடம் வரை திருப்பயணம் நடக்கிறது. நாலு மைல் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா கேள்விப்பட்டதுமே தயாராகிவிட்டார். "வேளாங்கண்ணிக்கே நடந்து போனவ நான்." சரி என்றேன். ஆனால் ரிப்பனில் ரயில் நிலையம் கிடையாது, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்ஸிங் டே விடுமுறையில் பஸ்ஸை நம்ப முடியாது. பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அண்ணன்தான், "யோசியாதேங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்று, வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போதே காரை எடுத்தார்.

மான்கள் மேயும் ஸ்டட்லி பூங்காவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் ஷூ வாயைப் பிளந்தது. பத்து வருடம் பீரோவில் கிடந்த ஷூ. சேறு பட்டதும் சோல் கழன்றுவிட்டது. நான் திகைத்து நிற்கையில் தொப்பி அம்மையார் சேற்றிலேயே முட்டி போட்டார். பையிலிருந்து ஒரு நீள ஷூ லேஸை எடுத்தார். சோலுக்கு அடியில் இரண்டு சுற்று, புறங்காலின் மேல் ஒரு குறுக்குக் கட்டு. முடிச்சைப் பக்கவாட்டில் போட்டார், அடியில் வந்தால் நடக்கையில் குத்தும் என்று. அதற்கு முன்பே ஈரமான காலுறையைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய மாற்றுக் காலுறையைப் போட்டுவிட்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அந்த அம்மையாரின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். அவரும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் அதை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் கைத்தடிப் பெரியவர். அம்மாவின் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, வழி நெடுகக் கதை சொல்லிக்கொண்டே வந்தார், நான் மொழிபெயர்த்தேன். யார்க் நகரத்துப் புனித மரியாள் மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டதென்று பிரிந்து வந்த 13 துறவிகள், 1132 கிறிஸ்துமஸைப் பேராயர் தர்ஸ்டனோடு ரிப்பனில் கழித்தார்கள். பண்டிகை முடிந்த கையோடு அவர் அவர்களை இந்த ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துவந்தார். கூரை கிடையாது, ஒரு பெரிய எல்ம் மரத்தடியில் ஒண்டிக் குளிரைத் தாங்கினார்களாம். பிறகு வந்த பஞ்சத்தில், கையிருப்பில் இருந்த சில ரொட்டிகளில் ஒன்றைப் பிச்சை கேட்டு வந்தவனுக்கு மடாதிபதி கொடுத்துவிட, சற்று நேரத்தில் நேர்ஸ்பரோ கோட்டையிலிருந்து ஒரு வண்டி ரொட்டி வந்ததாகக் கதை. "கேட்டு வந்தது ஆண்டவராத்தான் இருக்கும்" என்றார் அம்மா. பெரியவரிடம் சொன்னேன். பலமாகத் தலையாட்டினார்.

மடம் கண்ணில் படும்போது அம்மாவால் முடியவில்லை. தன்னார்வலர்கள் நாற்காலியோடும் ஒரு பிளாஸ்க் தேநீரோடும் வந்தார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1539ல் மடம் மூடப்பட்டது. மடத்துக் கோயில் இன்று கூரையில்லாமல் வானம் பார்த்து நிற்கிறது. ஹியூபி கோபுரம் மட்டும் 160 அடி உயரத்துக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் அம்மா மறக்காதது, பொதுநிலைச் சகோதரர்களின் (மடத்து வேலைகளைச் செய்த, குருப்பட்டம் பெறாத துறவிகளின்) கட்டடத்துக் கீழ்த்தளம்தான். சுமார் 300 அடி நீளம். நடுவே ஒரே வரிசைத் தூண்கள், ஒவ்வொன்றும் உச்சியில் பனை மட்டை மாதிரி விரிந்து கூரையைத் தாங்குகிறது. அங்கேதான் எல்லோரும் கூடி கரோல் பாடினோம். மெட்டு தெரிந்த ஒரு பாட்டு வந்ததும் அம்மா தமிழில் பாடினார். தொப்பி அம்மையார் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, இன்னும் சத்தமாகப் பாடச் சொல்லிச் சைகை காட்டினார்.

கூட்டம் கலைந்தபோது பெரியவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஐயா, உங்கள் கைத்தடி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வருகிற டிசம்பர் 26 காலை, ரிப்பன் பேராலய வாசலில் அதை வைத்துக்கொண்டு நிற்பேன்.

அன்புடன்,
லீட்ஸிலிருந்து ஒரு தூத்துக்குடிக்காரன்