பணிமூப்பு எண்ணை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

விமான நிறுவனங்கள் இணையும்போது, 'ஆட்குறைப்பு கிடையாது' என்ற ஒரு வரி வாக்குறுதியோடு கேபின் ஊழியர் சங்கங்கள் திருப்திப்பட்டுவிடக் கூடாது. பணித்தளம், தடம், விடுப்பு, முதலில் வெளியே போவது யார் என எல்லாமே பணிமூப்பு எண்ணை, அதாவது சேர்ந்த தேதி வரிசையில் ஒருவருக்குள்ள இடத்தை, வைத்துத்தான்.

2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. என்ற இன்னொரு அமெரிக்க விமான நிறுவனத்தை வாங்கியபோது, அங்கிருந்து வந்த கேபின் ஊழியர்கள் பணிமூப்புப் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். பல்லாண்டு பறந்தவரும் நேற்று வந்தவருக்குக் கீழே! ஆட்குறைப்பு வந்ததும் முதல் அடி அவர்களுக்கே. 2007-இல்தான் அமெரிக்காவில் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம் வந்தது: பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவர். இரு பக்கமும் ஒரே சங்கம் என்றால் மட்டும் அந்தச் சங்கத்தின் சொந்த விதியே செல்லும்.

'சேர்ந்த தேதி' என்று மொட்டையாக எழுதினாலும் வம்புதான். பயிற்சி தொடங்கிய நாளா, முடித்த நாளா? ஆட்களை மொத்தமாக எடுத்த வருடமென்றால் சில வார வித்தியாசமே நூறு இடம் கீழே தள்ளிவிடும்.

இரு பக்க ஊழியருக்குமான பொது ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இரு தரப்பும் தனித்தனியே பறக்கும், விமானங்கள் பக்கம் மாறாது என்று முன்பே எழுதி வாங்க வேண்டும். இல்லையேல் சம்பளம் குறைந்த பக்கத்துக்கே வேலை நகரும். யுனைடெட்–கான்டினென்டல் இணைந்தது 2010-இல்; கேபின் ஊழியரின் பொது ஒப்பந்தம் 2016-இல். அத்தனை வருடம் தாங்கும் வாசகமாக அது இருக்க வேண்டும்.