பழைய எஸ்டேட் ரைபிளுக்குத் தோட்டா தேடுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் காட்டெருமை காபித் தோட்டத்தில் இறங்கியது என்று செய்தி வந்தால் போதும், தாத்தா காலத்து ரைபிள் வைத்திருக்கும் எஸ்டேட் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது: இதற்கு எந்தத் தோட்டா, காலிக் கூடும் (பித்தளை உறை) கேப்பும் (அடித்தால் தீப்பொறி தரும் மூடி) குண்டும் வாங்கி நாமே மருந்து அடைத்துக்கொள்ள முடியாதா? காட்டெருமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதைச் சுடும் பேச்சுக்கே இடமில்லை. பயிரை அழிக்கும் பன்றியானாலும் முடிவு வனத்துறையின் கையில்தான். அதை விட்டுவிடுவோம். ரைபிளையும் தோட்டாவையும் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் தவறு, குழலில் இருக்கும் எண்ணை மட்டும் நம்புவது. 450 என்று வெட்டியிருந்தாலும் அதன் குண்டு 0.458 அங்குலம். 404 ஜெஃப்ரி என்ற தோட்டாவுக்கு 0.423. ஆனால் 416 ரிக்பிக்குச் சரியாக 0.416. எண்ணுக்கும் விட்டத்துக்கும் பொதுக்கணக்கு எதுவும் கிடையாது. 450/400 என்று இரண்டு எண் இருந்தால், 450 கூட்டின் கழுத்தை 400 குண்டுக்கு ஒடுக்கியது என்று பொருள். அதிலும் 3 அங்குலக் கூடு ஒன்று, 3¼ அங்குலக் கூடு ஒன்று. ஒன்றின் இடத்தில் மற்றது ஆகாது.

இதைவிட மோசமான குழப்பம் கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்து ரைபிள்களில் வருகிறது. 3¼ அங்குல 450 கூடு முதலில் கருமருந்துக்கென்று வந்தது. 1898ல் ரிக்பி கம்பெனி அதே அளவுக் கூட்டில் கார்டைட் என்ற வலுவான புகையில்லா மருந்தை அடைத்து 'நைட்ரோ எக்ஸ்பிரஸ்' என்ற தோட்டா ஆக்கியது. 31 கிராம் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா அது. கருமருந்து ரைபிளில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளும் அது தடையில்லாமல் நுழைந்துவிடும். உள்ளே போகிறதே என்று விசையை இழுத்தால் குழல் பிளக்கலாம், பூட்டு தெறிக்கலாம்.

எது எந்த ரைபிள் என்று கண்டுபிடிக்க, முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். ரைபிள் காலி என்று இரண்டு முறை உறுதி செய்த பிறகுதான் இதெல்லாம். நைட்ரோவுக்குச் சோதித்த இங்கிலாந்து இரட்டைக்குழலில் 'கார்டைட் 70-480 மேக்ஸ்' என்பது போல ஒரு வரி பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். 70 கிரெய்ன் கார்டைட், 480 கிரெய்ன் குண்டு, அதற்கு மேல் போகக்கூடாது என்று அர்த்தம். கிராமில் சொன்னால் மருந்து 4.5, குண்டு 31. அந்த வரியும் நைட்ரோ முத்திரையும் இல்லாவிட்டால் கருமருந்து ரைபிள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து துருவில் மறைந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருப்பதும் போய்விடும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் குறைந்த சூட்டில் உருகும் பிஸ்மத் கலவையை அறைக்குள் ஊற்றி அச்செடுப்பார். எண்ணெய் தடவிய குழலுக்குள் மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றை மரக்கோலால் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளப்பார். அச்சு, ஈயம், முத்திரை மூன்றும் ஒத்துப்போனால்தான் தோட்டாவின் பெயரைச் சொல்ல முடியும்.

அடுத்தது, பீரோ மூலையில் கிடக்கும், கைனாக் என்ற இங்கிலாந்து கம்பெனியின் தோட்டா டப்பா. பெரிய விட்டத் தோட்டாக்களை அந்தக் கம்பெனி 1960களிலேயே நிறுத்திவிட்டது. பிற்காலத்தில் அதே பெயரில் வேறொருவர் தயாரித்தது தனிக் கதை. அரை நூற்றாண்டு தாண்டிய தோட்டாவுக்குள் சேமியா போல நீளநீளமாகக் கிடக்கும் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. வெப்பம் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே நம் நாட்டுக்கென்று மருந்தைக் குறைத்து 'டிராபிக்கல்' தோட்டா அனுப்பினார்கள். மலைமேல் சுட்டபோது சும்மா இருந்த தோட்டா, சேலத்துச் சித்திரை வெயிலில் காரில் கிடந்த பிறகு அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கூட்டின் பித்தளைக்கும் ஒரு வியாதி உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே கழுத்தில் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, ஈரம், கூட்டைச் செய்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்ததே காரணம் என்று 1921ல்தான் விளக்கம் கிடைத்தது. இன்றைக்கு லாயம் இல்லை, உர மூட்டை அறை இருக்கிறது. அங்கே கிடந்த தோட்டாவின் கழுத்தில் மயிரிழை போல் கோடு தெரிந்தாலும், பச்சை பூத்திருந்தாலும் அது கழிவுதான்.

பழைய கூட்டையே மறுபடி அடைக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதரசக் கேப்பு ஒருமுறை வெடித்த கூட்டில் பாதரசம் பித்தளைக்குள் இறங்கி அதை நொறுங்கும்படி செய்துவிடும். பல பழைய கூடுகள் பெர்டான் வகை. கேப்புக்குழியில் இரண்டு துளை இருக்கும், நடுவில் துளை இருக்காது. பழைய கேப்பைத் தள்ளும் இக்காலக் கருவியின் ஊசியை விட்டால் ஊசிதான் முறியும். மருந்துக் கணக்கும் லேசானதில்லை. கருமருந்து நிரப்ப அளவெடுத்த கூடு என்பதால் புது மருந்து உள்ளே பாதியில் உருளும், தீ தாமதித்துப் பிடிக்கும். இரட்டைக்குழலில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிப்பதற்கு, குறிப்பிட்ட ஒரு வேகத்தை வைத்துத்தான் குழல்களைச் சேர்த்து ஈயம் பற்றவைத்திருப்பார்கள். வேகம் மாறினால் ஒன்று இடப்பக்கம் போகும், ஒன்று வலப்பக்கம் போகும். இந்த வேலையை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். அங்கே சட்டம் வேறு, சாமான் கிடைப்பதும் வேறு.

இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்தே 'தோட்டா' என்கிறது. ஆக, ரைபிள் லைசென்ஸ் கையில் இருப்பதால் வீட்டில் தோட்டா அடைக்கும் உரிமை வந்துவிடாது. உரிமமில்லாத தயாரிப்புக்கு 25ஆம் பிரிவில் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பாகங்களைக் கண்டு சர்க்கார் பயப்படுவது புதிதல்ல. 1907வாக்கில் 450 ரைபிளையும் தோட்டாவையும் இந்தியாவுக்குள் விடாமல் வெள்ளைக்காரர்கள் தடுத்ததற்குக் காரணம், கலகக்காரர்கள் கையில் சிக்கிய மார்ட்டினி ஹென்றி என்ற பழைய ராணுவத் துப்பாக்கிக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்ற சந்தேகம். 470, 465 எல்லாம் அந்தத் தடையைத் தாண்டப் பிறந்த அளவுகள்தான். எஸ்டேட்டுகளில் அவை தென்படுவதற்குக் காரணமும் அதுவே.

வாரிசாக ரைபிள் வந்து உரிமம் இல்லாமலிருந்தால், 21ஆம் பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். பழைய தோட்டாவை அடுப்பில் போடுவதும், கிணற்றில் எறிவதும், பித்தளைக்கு விலை வரும் என்று பழைய இரும்புக் கடையில் தள்ளுவதும் கூடவே கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். கெட்டுப்போன தோட்டாவை 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் சுமந்து சேலம் வரச் சொல்லாமல், ஆண்டுக்கு ஒரு நாள் ஏற்காட்டிலேயே போலீசாரும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரும் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அன்றைக்கே ரைபிளையும் பார்த்து, லைசென்ஸில் '450 ரைபிள்' என்று மொட்டையாக எழுதியிருக்கும் இடத்தில் கூட்டின் நீளம், கருமருந்தா நைட்ரோவா என்பது உட்பட தோட்டாவின் முழுப்பெயரையும் பதிந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ளோர்,
செவ்வாய்பேட்டை, சேலம்