துண்டைப் பிடித்து நின்ற அம்மாவுக்கு

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சு சீராக இருக்கிறது. மூக்கடைப்பு கொஞ்சம் பாக்கி, அதுவும் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியில் எங்கள் கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறி, வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் அன்றைக்கு ராத்திரி எங்கள் வாசலிலேயே நின்றவர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துத் தெரு நர்சம்மாவைச் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லையென்றால் நாங்கள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்திருப்போம். பாப்பாவின் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணினார். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது நிரம்பாத குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேக மூச்சு. பாப்பா அதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தாள். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. "யோசிக்காத, கெளம்பு. இங்க எங்கியும் நிக்காத, நேரா வேலூர் போயிடு" என்றார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எல்லோரும் அந்த 50-ஐயும் அந்தக் குழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எதிர் வீட்டு அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரத்தோடு காரை எடுத்தார். கே.வி.குப்பம், லத்தேரி என்று ஊர்கள் போனதே எனக்குத் தெரியவில்லை. காட்பாடி மேம்பாலத்தில் வண்டிகள் நின்றபோது அவர் இறங்கி ஓடிப்போய், முன்னால் நின்ற லாரிக்காரரிடம் கையைக் கூப்பி வழி கேட்டார். அந்த லாரிக்காரருக்கும் நன்றி.

இனி அந்த அம்மாவைப் பற்றி.

எமர்ஜென்சியில் பாப்பாவை வாங்கிக்கொண்டு போனவர்கள் கொஞ்ச நேரத்தில் வந்து, இப்போதைக்குப் பாலே கொடுக்கக் கூடாது என்றார்கள். மூச்சு அந்த வேகத்தில் ஓடும்போது குழந்தையால் உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விட முடியாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஒரு இளம் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். புரிந்தது. ஆனால் என் உடம்புக்கு அது எப்படித் தெரியும்? பால் குடிக்கிற நேரம் வந்ததும் சுரக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் என் வீட்டுக்காரர் பாப்பாவோடு இருந்தார், நான் வெளியே வராந்தாவில். நான் போயிருந்தது நைட்டியோடு. மேலே போட்டிருந்த டவலில்தான் பாப்பாவைச் சுற்றியிருந்தோம், அது அவளோடு உள்ளே போய்விட்டது.

பால் கட்டினால் எப்படி இருக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். மார் கல்லாகி, அக்குள் வரைக்கும் வலி. உள்ளே எந்தக் குழந்தை அழுதாலும், அது பாப்பாவோ வேறு யாரோ, இங்கே எனக்கு நைட்டி நனைந்தது. வராந்தா முழுக்க ஆண்கள், நின்றுகொண்டும் தரையில் உட்கார்ந்துகொண்டும். இரண்டு கையையும் குறுக்கே கட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு மூச்சு இல்லாமல் கிடக்கிற நேரத்தில் எனக்கு இப்படி ஒரு வலி என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லக்கூடிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

எதிர் பெஞ்சில் ஒரு வயதான அம்மா. கையில் சங்கு வளையலும் சிவப்பு வளையலும், மடியில் பெரிய எக்ஸ்ரே கவர். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவருடைய வீட்டுக்காரர் உள்ளே இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தார். எக்ஸ்ரே கவரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, பையிலிருந்து சிவப்புக் கட்டம் போட்ட பருத்தித் துண்டு ஒன்றை எடுத்தார். என் கையைப் பிடித்து, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் பையிலிருந்தே ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு கையாலும் துண்டை விரித்துத் தூக்கி எனக்கு முன்னால் பிடித்தார். பிடித்துக்கொண்டு, முதுகை என் பக்கம் காட்டி, முகத்தை வராந்தாப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அப்படித் திரும்பி நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைத்தது மட்டும் இல்லை, தன் கண்ணையும் எடுத்துக்கொண்டார். அங்கே நான் அழுதேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அதுவரைக்கும் அழவில்லை.

முதலில் பால் வரவில்லை. பயத்தில் வராது என்று பிறகு நர்ஸ் சொன்னார். எத்தனை அழுத்தினாலும் வலிதான். அவர் எப்படித் தெரிந்துகொண்டாரோ, துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் பிளாஸ்கைத் திறந்து, கைக்குட்டையில் வெந்நீர் ஊற்றிப் பின்பக்கமாக நீட்டினார். அக்குளிலிருந்து கீழே தடவ வேண்டும் என்று தன் தோளில் தானே தடவிக் காட்டினார். என் ஆயா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார். ஒத்தடம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ, பால் இறங்கியது.

எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கை நடுங்கியது துண்டில் தெரிந்தது. நடுவில் அவருடைய மகன் வந்து ஏதோ அவசரமாகச் சொன்னார். உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர் தாடையை அசைத்து, நீ போ என்பதுபோல் காட்டினார். மகன் போனார். இவர் துண்டை இறக்கவில்லை. உள்ளே கிடப்பது அவருடைய புருஷன். என்னை அவருக்கு யாரென்றே தெரியாது.

முடித்து நான் நைட்டியைச் சரிசெய்த பிறகுதான் திரும்பினார். டம்ளரில் இருந்த பாலை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். பாப்பா குடிக்க வேண்டியது அது. வாங்கிக்கொண்டு போய் அவரே வாஷ்பேசினில் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார், நான் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. துண்டை என் தோளைச் சுற்றிப் போர்த்தினார். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

விடிவதற்குள் பாப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. மூக்கு வழியாகச் சின்ன ட்யூப் வைத்தார்கள். இனி உங்கள் பாலையே பிழிந்து கொடுக்கலாம் என்று நர்ஸ் சுத்தமான கப் ஒன்றை நீட்டியபோது என்னால் கொடுக்க முடிந்தது. இரவு முழுக்கக் கட்டிக்கொண்டு கிடந்திருந்தால் எனக்கே காய்ச்சல் வந்திருக்கும், பாலும் வற்ற ஆரம்பித்திருக்கும் என்றார் அவர். ஒரு துளி, இன்னொரு துளி என்று அந்த ட்யூப் வழியாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நானும் அவரும் நின்றோம். அந்தப் பால் பாப்பா வயிற்றுக்குப் போனதற்கு, வராந்தாவில் நின்ற அந்த அம்மாவின் கைகள் காரணம். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற தெருக்களில் லாட்ஜ் பலகையும் ஓட்டல் பலகையும் வங்காள எழுத்தில் இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருக்களில் என் வீட்டுக்காரர் விசாரித்துப் பார்த்தார். வங்காளம் சரளமாகப் பேசுகிற மருந்துக்கடைத் தம்பி ஒருவர் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு அவரோடு நடந்தார். கிடைக்கவில்லை. அந்த ஐயா பிழைத்து எழுந்து ஊருக்குப் போயிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நாங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர் எங்கிருந்தோ ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்கியவர், பாஷை தெரியாதவர். அன்றைக்கு அந்த வராந்தாவில் எனக்கு வீட்டு மனுஷியாக இருந்தவர் அவர்தான். வெளியூர்க்காரர்களால் ஊரே நெரிசல், வாடகை ஏறிப்போச்சு என்று நம் ஆட்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். இனிமேல் என் காதுபட யாரும் அப்படிப் பேச நான் விடமாட்டேன்.

வேலூரில் படித்தவர்களுக்கு, அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் கதை பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள், ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டார் மறுத்ததால். அதைப் பார்த்த பெண்தான் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது அந்த வீட்டார்மீது எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. இப்போது அந்த மூன்று பெண்களை நினைக்கிறேன். வலியோடு கிடந்த அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மறைப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணைச் சாகவிடவும் முடியும், ஒரு துண்டைப் பிடித்து அவளைக் காப்பாற்றவும் முடியும். 2015-லிருந்து நம் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்ட அறை இருக்கிறது. அதை யோசித்தவர்களுக்குக் கோடி புண்ணியம். உயிரைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் தாயின் பாலைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. அங்கே யோசிக்க வேண்டியவர்கள் நாம், வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து என் கும்பிடு. இது வைரஸ், ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது, மூக்கைச் சுத்தமாக வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் குழந்தையே மீண்டு வரும் என்று கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் சொன்ன டாக்டர்களுக்கும், சளி உறிஞ்சும்போது பாப்பாவைக் கொஞ்சிக்கொண்டே செய்த நர்சுகளுக்கும், என் செருப்பை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கொடுத்த துப்புரவு அக்காவுக்கும், என் மாமியாருக்குத் துணையாக ராத்திரி முழுக்க எங்கள் வீட்டில் படுத்த கீழ் வீட்டுச் சின்னம்மாவுக்கும், கெங்கையம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டவர்களுக்கும், மசூதியில் துஆ கேட்ட பாய் வீட்டாருக்கும், பணம் வேண்டுமா என்று கேட்காமலே கொடுத்தவர்களுக்கும்.

அந்தத் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் லுங்கி நெய்கிற குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டத்தை எண்ணினார். ஓரத்தில் பாவு நூல் ஒன்றையும் ஊடை நூல் ஒன்றையும் விரலில் உருட்டிப் பார்த்தார். "மெல்லிசா கீது, ஆனா நெருக்கம். அந்தாண்ட தெரியாது" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மறுநாள் தறியில் பாவு ஏற்றிவிட்டார், அதே சிவப்பும் வெள்ளையும், லுங்கியைவிட அகலமாக.

குடியாத்தம், வேலூர், அடுக்கம்பாறை, வாலாஜா என்று நம் பக்கத்தில் எங்கெல்லாம் குழந்தைகளை அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமோ, அங்கெல்லாம் இந்தத் துணி இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு முனையிலும் நாடா வைத்துத் தைக்க வேண்டும், ட்ரிப்ஸ் ஸ்டாண்டிலோ ஜன்னலிலோ கட்டுவதற்கு. தையல் மெஷின் வைத்திருக்கிற பெண்கள் யார் வந்தாலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்கள், இதை யாரிடம் கொடுக்க வேண்டும், துவைத்து வைப்பதற்கு என்ன முறை என்று எனக்குச் சொல்லுங்கள். வங்காளம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இந்த மடலை அந்தப் பாஷையில் எழுதிக் கொடுத்தால், அந்த லாட்ஜ்களில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறோம்.