சிங்கி இறால் தாயின் வடிவில் பிறப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கடல் உணவுக் கட்டுரையில், சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போதே தாயின் சிறிய வடிவமாக இருக்கும் என்றும், சினையோடு கிடைக்கும் சிங்கியே வாங்குவதற்கு ஏற்றது என்றும் எழுதப்பட்டிருந்தது. மேலூர்ப் பகுதிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், முதல் செய்தி பிழை என்பதையும், அந்தப் பிழையே இரண்டாவது பரிந்துரைக்கு இடம் கொடுத்துவிட்டது என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

கட்டுரையாளர் கூறியது வயல் நண்டுக்குப் பொருந்தும். பெரியாறு பாசன வாய்க்கால் வரப்பில் தாய் நண்டைப் பிடித்து வயிற்று மடலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு, காலும் கொடுக்கும் முழுமையாக அமைந்த குஞ்சுகள் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அந்த நண்டு சில பெரிய முட்டைகளை இட்டு, குஞ்சு உருப்பெறும் வரை முட்டைக்குள்ளேயே வளரவிடுகிறது. சிங்கியின் வழி வேறு. மன்னார் வளைகுடாப் பாறைகளில் வாழும் பெண் சிங்கி, லட்சக்கணக்கில் முட்டையிட்டு, வாலின் அடியிலுள்ள துடுப்புக் கால்களின் மயிர்களில் அவற்றை ஒட்டவைத்துச் சுமக்கிறது. இட்ட புதிதில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகள், கரு வளர வளரப் பழுப்பேறி, உள்ளே கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு மாதம் தாய் அந்தத் துடுப்புகளை அசைத்து அசைத்து முட்டைகளின் ஊடே புதுநீர் ஓடச் செய்கிறது.

வெளிவருவதோ, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தட்டையான உயிர். 'இலையுடல்' என்ற பொருளில் அதற்கு ஃபில்லோசோமா என்று பெயர். பழைய இயற்கையியலாளர்கள் அதைத் தனியொரு விலங்கு என்றே கருதியிருந்தார்கள். வகுப்பில் அதன் படத்தைக் காட்டி, இது எதன் குஞ்சு என்று கேட்டால் ஒரு மாணவரும் சரியாகச் சொன்னதில்லை. அது கடல் நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து, சில வேளைகளில் சொறிமீன்களின் மேல் தொற்றிக்கொண்டு, பலமுறை தோலுரித்து வளர்கிறது. 1980-களின் இறுதியில் ஜப்பானியர் தங்கள் நாட்டுச் சிங்கி ஒன்றின் குஞ்சை முதன்முறையாகத் தொட்டியில் இந்தப் பருவம் முழுவதும் வளர்த்து முடிக்க 300 நாட்களுக்கு மேல் ஆயின. மிதக்கும் பருவத்தின் கடைசித் தோலுரிப்பில்தான் அது சிங்கியின் உருவை அடைகிறது, அப்போதும் நிறமில்லை. பியூருலஸ் எனப்படும் இந்தப் பருவத்தில் அது இரை எடுப்பதே இல்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை மட்டும் நம்பிக் கரையை நோக்கி நீந்தி வந்து, பாறைப் பொந்திலோ கடற்பாசியிலோ ஒண்டிக்கொண்டு, நிறம் ஏறி, மீண்டும் தோலுரித்த பிறகே அது இளஞ்சிங்கி. லட்சத்தில் எத்தனை அங்கு வந்து சேரும் என்பதை எண்ணினால், ஒரு சினைச் சிங்கியை விலைபேச மனம் வராது.

ஐஸ் பெட்டியில் மதுரை வந்து சேர்ந்ததை மறுத்து என்ன பயன் என்று கடையில் என்னிடமே கேட்டார்கள். சினைக்கென்று கூடுதல் விலை இங்கே கிடைக்காது என்றால், அதைச் சிங்கிவலையிலிருந்து கழற்றுபவர் உயிரோடு கடலில் விடுவதற்கு வழி பிறக்கும். நீர் விட்டு வந்த பின்னும் வெகுநேரம் தாங்கும் உயிர் அது. அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில், அங்குள்ள கொடுக்குடைய சிங்கி வகையில் முட்டையோடு அகப்படும் பெண்ணின் வால் மடலில் மீனவர்கள் சிறு வெட்டு ஒன்றை இட்டுக் கடலில் விடுகிறார்கள். பின்னொரு நாள் முட்டையின்றி அகப்பட்டாலும், அந்த அடையாளம் உள்ளதை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே சட்டம். நம் நாட்டில் சிங்கிக்கு 2003-இல் வகுக்கப்பட்ட குறைந்தபட்ச எடை வரம்பு ஏற்றுமதிக்கானது. நம் ஊர்க் கடையில் அதைக் கேட்பார் இல்லை.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில் குஞ்சு பற்றிய செய்தியைத் திருத்தி வெளியிடுவதோடு, சினைச் சிங்கியை வாங்கலாம் என்ற வரியையும் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.