தோப்பில் நிற்கும் பழைய காரை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னந்தோப்பு ஓரத்திலும் களத்துமேட்டிலும் கருவேலம் மூடிக் கிடக்கும் பழைய கார்களை, நிலம் கைமாறும்போது காயலான் கடைக்காரர் எடைக்கு ஏற்றிப் போகிறார். அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, என்ன வண்டி, எந்தக் காலத்து வண்டி என்று பார்த்துவிடுங்கள். உடைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காத வண்டிகளும் அவற்றில் உண்டு.

கதவைத் திறக்கும் முன் கம்பால் நன்றாகத் தட்டுங்கள். சீட்டுக்கு அடியில் பாம்பும் கூரைத் துணிக்குள் குளவியும் குடியிருக்கும். பிறகு நம்பர் பிளேட். மூன்று எழுத்தும் அதன்பின் எண்ணும் மட்டும் இருந்தால் அது 1989க்கு முந்தைய பதிவு. எழுத்து 'எம்' (M) என்று தொடங்கினால் பெரும்பாலும் மெட்ராஸ் மாநிலக் காலத்தது; 'டி' (T) என்றால் 1969இல் பெயர் மாறிய பிறகு வந்தது. அடுத்து பானெட்டைத் தூக்கி, சேஸிஸ் (அடிச்சட்டம்) எண் உள்ள தகட்டையும் என்ஜின் பிளாக்கில் குத்திய எண்ணையும் தேடுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ பட்டால் எண்ணே அழிந்துவிடும். தெளிவாகத் தெரியாவிட்டால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள்.

தகடு இல்லையென்றால் உடம்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பின் மட்கார்டு உருண்டு இறங்கினால், அம்பாசிடருக்கு முன் வந்த லேண்ட்மாஸ்டர். லேசாகச் சிறகு எழும்பினால் அம்பாசிடர். அம்பாசிடரில் மார்க் 2, 3, 4 என்று கிரில்லை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கிரில்லும் பம்பரும் மாறி மாறிப் பொருத்தப்பட்டவையே அதிகம். முன் மட்கார்டும் பானெட்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்தால், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த ஹெரால்டு. அதில் இரண்டு கதவு வண்டி முந்தையது, நான்கு கதவு பிந்தையது. 1954இல் வந்த பியட் மில்லிசென்டோவில் முன் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். பின்னாளில் வந்த பிரீமியர் பத்மினி காரோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விலைக்கு வருவோம். தகரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என்ஜின் இறுகிக் கிடப்பது பெரிய குறையல்ல. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசல் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, ஹேண்டிலால் மெல்ல அசைத்தால் பல என்ஜின்கள் விட்டுக்கொடுக்கும். கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் பிஸ்டன் ரிங் உடையும். ஆனால் தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகடு, ஹெரால்டில் தனிச் சேஸிஸ் ஆகியவை மண்ணில் புதைந்து அரித்திருந்தால் செலவு எகிறும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். கண்ணாடி, கிரில், டெயில் லேம்ப், மீட்டர், பெயர் எழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். அம்பாசிடர் சாமான் இன்னும் கிடைக்கிறது. ஹெரால்டுக்கும் லேண்ட்மாஸ்டருக்கும் அலைய வேண்டும்.

கணக்கு இப்படிப் போட வேண்டும். அதே வண்டி சீரமைத்த நிலையில் என்ன விலை போகிறதோ, அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், என்ஜின், சீட், குரோம், வண்டி ஏற்றும் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதே இன்றைய விலை. கடைசிக் காலத்துப் பத்மினிகளில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அப்போதும் எடை விலை என்ற தரைமட்டம் உண்டு. பத்மினி ஏறக்குறைய 900 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27,000 ரூபாய். அதில் டயர், கண்ணாடி, மண் எடையைக் கழிக்க வேண்டும். இதற்கும் கீழே கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

காகிதம் இல்லாத வண்டிக்குப் பாதி விலைகூட வராது. நிலத்தை வாங்கியவர் அதில் நிற்கும் காருக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் உள்ளதோ அவரோ வாரிசோதான் விற்க முடியும். விற்பனைக்குப் படிவம் 29, 30, உரிமையாளர் இறந்திருந்தால் 31, ஆர்.சி. தொலைந்திருந்தால் 26. முதல் பதிவுக்கு 50 ஆண்டு கடந்திருந்தால் 2021ஆம் ஆண்டு மத்திய விதிப்படி வின்டேஜ் பதிவு கேட்கலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே வேறு டீசல் என்ஜின் ஏற்றிய பழைய அம்பாசிடரை இந்த வின்டேஜ் கணக்கில் சேர்த்து விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மூன்றெழுத்துக் காலத்துக் கையெழுத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் பதிவு விவரம் கிடைக்கும்படி செய்யுங்கள். தகட்டில் எண் தெளிவாக இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் எத்தனையோ வண்டிகள் உடைபடுகின்றன.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைப்புத் தொழிலாளி ஒருவர்,
கோயம்புத்தூர்